பகாங்கிலிருந்து வந்த கறுப்புக் கற்கள்

கரியப்பன் மலாய் நாட்டிலிருந்து திரும்பியபோது கையில் ஒரு தகரப் பெட்டி, இடுப்பில் முடிந்த ஒரு துணிப்பை. பெட்டியில் இருந்ததை முதல் நாளே தெருவெல்லாம் பார்த்துவிட்டது. பையை மட்டும் அவன் மனைவி நாச்சம்மாளுக்குத் தனியாக அவிழ்த்துக் காட்டினான்.

உள்ளே ஒரு கைப்பிடிக் கற்கள், கன்னங்கரேலென்று. ஒன்று பொத்தான் மாதிரித் தட்டை. இன்னொன்றுக்குச் சொட்டும் எண்ணெய்த் துளி போல ஒரு வால். எல்லாவற்றின் மேலும் நகத்தால் கிள்ளினாற்போலக் குழி குழியாக இருந்தது.

"பகாங்ல வெள்ளீயச் சுரங்கத்துல சரளையை அலசறப்போ கெடச்சுது. ஈயத்துல சேராதுன்னு மேஸ்திரி தூக்கி எறிஞ்சுருவாரு. வானத்துல இருந்து விழுந்ததுன்னு அங்கத்துச் சனங்க சொல்லுவாங்க."

"நீங்க எதுக்குங்க பொறுக்கினீங்க?"

"அழகா இருந்துச்சு. உனக்கு ஒரு மோதிரம் பண்ணலாம்னு."

எட்டு வருஷம் அவன் கடலுக்கு அப்பால் இருந்த காலத்தில் நாச்சம்மாள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த கொள்ளேகாலிலிருந்து பட்டு நூலை வாங்கி வந்து மைசூர்த் தறிக்காரர்களுக்கு விற்றாள். மைசூரிலேயே மண்டி மொகல்லா என்ற பேட்டையில் வாடகை வீடு பிடித்தாள். ஜப்பானிலிருந்து போலிப் பட்டு வந்து இறங்கிய நேரம் அது. யார் நூலை யார் நம்புவது என்று சந்தையே தடுமாறியது. "நாச்சம்மா கொடுத்ததா? அப்போ சரி" என்று தறிக்காரர்கள் பிரித்துப் பார்க்காமலே வாங்கினார்கள். அந்தப் பேரைச் சம்பாதித்தவள் அவள்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் அசோகா ரோட்டில் வெள்ளி நகை செய்யும் சித்தாசாரி கடைக்குப் போனார்கள். ஆசாரி கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. கல்லை வெயிலில் தூக்கிப் பிடித்தார். மெல்லிய ஓரத்தில் பழுப்பாக வெளிச்சம் ஊடுருவியது. உடனே சிரித்துவிட்டார்.

"நாச்சம்மா, இது கண்ணாடி. யாரோ ஒடச்சுப் போட்ட பாட்டில் ஆத்துல உருண்டு இப்படி ஆயிருக்கு. உங்க வீட்டுக்காரர் கடல் தாண்டிப் போய் சோடா பாட்டிலைப் பொறுக்கிட்டு வந்திருக்காரு. இதுக்கு வெள்ளி கட்டினா என் பேருதான் கெடும்."

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கரியப்பன் கல்லை வாங்கி முடிந்துகொண்டான்.

அந்த வாரத்துக்குள் அவனுக்கு 'சோடாக் கரியப்பன்' என்று பேர் வந்துவிட்டது. நாச்சம்மாளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. வந்த புதிதில் சாப்பிட உட்கார்ந்தால் அவன் மலாய்க் கதைகளாகச் சொல்லிக்கொண்டிருப்பான். அந்த ஊர் மழை, மண்மேட்டைப் பீச்சிக் கரைக்கும் தண்ணீர்க் குழாய், சீனத்து மேஸ்திரியின் சமையல் என்று பேச்சு ஓயாது. இப்போது சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். எட்டு வருஷம் ஆளில்லாத வீட்டில் இருந்தவளுக்கு, ஆள் இருந்தும் பேச்சில்லாத வீடு பொறுக்கவில்லை.

ஒரு காலையில் புதிதாக வந்த நூலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு இழையைக் கிள்ளி விளக்கில் காட்டினாள். மயிர் பொசுங்கிய வாடையோடு கருகி, உதிர்ந்தது. நல்ல பட்டு. போலியென்றால் காகிதம் போலப் பற்றிக்கொண்டு எரிந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கைக்கும் ஒன்றுதான். நெருப்புக்கு மட்டும் வேறு வேறு. விரலில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பையை எடுத்துக்கிட்டு வாங்க. ஆசாரி கடைக்குப் போவோம்."

"மறுபடியுமா? வேண்டாம் புள்ள."

"ஒரு சோடா பாட்டில் சில்லையும் கொண்டு போறேன். ரெண்டையும் ஒரே நெருப்புல வெக்கச் சொல்றேன்."

கரியப்பன் முகம் வாடியது. "ரெண்டும் உருகிப் போச்சுன்னா?"

"உருகினா, கண்ணாடிதான்னு நானே அத்தனை பேர் முன்னாலயும் சொல்லிட்டு வந்துருவேன். அப்புறம் அதைப் பத்திப் பேச்சே வேண்டாம். ஆனா பார்க்காம விட மாட்டேன்."

ஆசாரி முதலில் மறுத்தார். கடையில் அப்போது காமாக்ஷி என்ற பெண், கழன்ற வளையல் பூட்டைச் சரி செய்ய வந்து காத்திருந்தாள். மகாராணி காலேஜில் ரசாயனம் சொல்லிக் கொடுப்பவள். நாச்சம்மாள் கேட்டதைக் கேட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அவங்க கேக்கறது நியாயந்தானே, ஆசாரியாரே. வெச்சுத்தான் பாருங்களேன். என் வளையலுக்கு அவசரம் இல்லை."

படித்த வாடிக்கைக்காரி சொன்னபிறகு தட்ட முடியவில்லை. கரியப்பன் பையிலிருந்து கடுகளவே இருந்த ஒரு சில்லைத் தேடி எடுத்தான். நாச்சம்மாள் கொண்டுவந்த பாட்டில் சில்லிலும் அதே அளவு ஒரு துண்டை ஆசாரி உடைத்துக்கொண்டார். இரண்டையும் கரித்துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊதுகுழலை வாயில் வைத்தார். சுடர் நீலமாக நீண்டு இரண்டின் மேலும் படிந்தது. சிரித்தவர்களில் சிலர் அன்றும் இருந்தார்கள். எட்டிப் பார்த்தார்கள்.

நாச்சம்மாள் கரித்துண்டுக்கு அருகே குனிந்தாள்.

பாட்டில் சில்லு முதலில் சிவந்தது. அதன் கூர் முனைகள் மழுங்கின. பிறகு வெல்லப்பாகு மாதிரிக் குழைந்து உருண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் கறுப்புச் சில்லும் சிவந்தது. ஆனால் ஓரம்கூட மழுங்கவில்லை. ஆசாரி மூச்சு வாங்கி மறுபடி ஊதினார். கன்னம் வலிக்க ஊதினார். சில்லு அப்படியே நின்றது.

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"சோடா பாட்டில் இல்லை," என்றார். "நான் சொன்னது தப்பு." தப்பை ஒப்புக்கொள்ளும்போதும் அவர் குரல் பெரிதாகவே இருந்தது. கடை முழுக்கக் கேட்டது.

சுவரில் சாய்ந்து நின்ற கரியப்பன் நிமிர்ந்து நின்றான். காமாக்ஷி அவனிடம் கேட்டு ஒரு கல்லை வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடின்னு ஆசாரி சொன்னது முழுக்கத் தப்பில்லை," என்றாள். "ஆனா மனுஷர் பண்ணின கண்ணாடி இல்லை. எரிமலைக் கண்ணாடியா இருந்திருந்தா, உள்ளே இருக்கற ஈரத்துக்கு நெருப்புல பொங்கி நுரைக்கும். இது நுரைக்கலை. இதுக்கு டெக்டைட்னு பேர். படிச்சிருக்கேன், கையில எடுத்துப் பார்க்கறது இப்பத்தான்."

"வானத்துல இருந்து விழுந்ததுங்களா?" என்றாள் நாச்சம்மாள்.

"சில பேர் அப்படிச் சொல்றாங்க. இன்னும் சில பேர் சொல்றதுதான் எனக்குச் சரியாப் படறது. வானத்துல இருந்து பெரிய கல் ஒண்ணு பயங்கர வேகத்துல பூமியில மோதியிருக்கணும். அந்தச் சூட்டுல இங்கத்து மண்ணே உருகித் தெறிச்சு, பறக்கறப்பவே இறுகியிருக்கும். இந்த வாலைப் பாருங்க, சொட்டு மாதிரி. எது சரின்னு இன்னும் முடிவாகலை."

"அப்போ மண்ணு மேலே போய்த் திரும்பி விழுந்திருக்கு," என்றான் கரியப்பன். கடையில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமாம். அப்படித்தான் இருக்கணும்."

ஆசாரி பொத்தான் கல்லைக் கேட்டு வாங்கி அன்றே நாச்சம்மாள் விரலுக்கு மோதிர அளவெடுத்தார். வெள்ளி வளையத்தில் கறுப்புக் கல் வைத்த அந்த மோதிரத்தைப் பற்றி, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அவரே கதை சொன்னார். சோடா என்ற பேரும் அதோடு போயிற்று.

தசரா விடுமுறை முடிந்ததும் காமாக்ஷி ஆள் அனுப்பினாள். வகுப்புப் பெண்களுக்குக் கற்களைக் காட்ட வேண்டும், அவை கிடைத்த இடத்தைப் பற்றிக் கரியப்பனே வந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று. அவன் தயங்கினான். நாச்சம்மாள் வெளுத்த வேட்டியை எடுத்து வைத்தாள்.

வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் குரல் எழும்பாமல் நின்ற கரியப்பன், சரளை மண் எந்த நிறம், அதன் மேல் களிமண் எவ்வளவு கனம் என்று தொடங்கியபின் நிற்கவே இல்லை. பாதி தமிழ், பாதி கன்னடம். தெரியாத இடத்தில் கையால் வரைந்து காட்டினான்.

மாதேவி என்ற பெண் எழுந்து, "இது விழுந்தப்போ அங்கே ஆளுங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. சரளைக்குள்ள கெடந்ததைத்தான் நான் பார்த்தேன்."

காமாக்ஷி தலையசைத்து, அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்தாள்.

வரும் வழியில் சந்தைக்குப் போய்க் காய் வாங்கினார்கள். வெங்காயத்தைப் பார்த்ததும் கரியப்பனுக்குச் சீனத்து மேஸ்திரியின் சமையல் ஞாபகம் வந்துவிட்டது. மழை நாளில் சுரங்கத்து ஓரத்தில் அந்த மனிதர் இரும்புச் சட்டியில் வதக்கிய மீனைப் பற்றி வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். மீன் சாப்பிடாத நாச்சம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "அப்புறம் என்னங்க போட்டாரு?" என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.