பதினாறு ஸ்பிரிங்கும் ஒரே உயரம்

பட்டறையில் அவருக்குப் பெயர் ‘காது’. ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, “மூணாவது சிலிண்டர்” என்பார். பத்தில் ஏழு தடவை மூன்றாவதாகத்தான் இருக்கும். மிச்ச மூன்று தடவையை மற்றவர்கள் மறந்துவிடுவார்கள், அவரும் நினைவூட்டியதில்லை.

திங்கட்கிழமை காலை அவருடைய கொழுந்தியாள் காரைக் கொண்டுவந்து ஷட்டர் முன்னால் நிறுத்தினாள். மனைவிக்கு நேர் இளையவள், ரேஸ் ஓட்டுகிறவள். சனிக்கிழமை ஒரு ரேஸ் அணி புது ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டே இடம், அவரவர் காரில் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று வருடமாக அவள் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். அந்த இன்ஜினைக் கட்டிக் கொடுத்தவர் அவர். அதனால் பரீட்சை தனக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தான், ஆறாயிரத்து ஐநூறு சுத்து வரைக்கும் தங்கமா போகுது. தாண்டினா தும்முது. மேல ஏறவே மாட்டேங்குது.”

அவர் கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நிலைமை மோசமென்றால் அந்தச் சாய்வு இன்னும் கொஞ்சம் கூடும்.

“காயில்” என்றார்.

செவ்வாய்க்கிழமை, தீப்பொறிக்கு மின்சாரம் தருகிற காயில் நான்கும் ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. கார் ஆறாயிரத்து ஐநூறில் தும்மியது. “அப்ப பெட்ரோல் பம்ப்தான்” என்றார், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் போல. புதன்கிழமை பம்பும் புதிது. தும்மலில் ஒரு மாற்றமும் இல்லை.

“இன்னிக்குக் காது என்ன சொல்லுது அத்தான்?”

“யோசிக்குது.”

“காது எப்போலேருந்து யோசிக்க ஆரம்பிச்சுது?”

அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலை அவள் காருக்குள் உட்கார்ந்து, கியர் போடாமலே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஏறியது. ஆறாயிரத்து ஐநூறு. தும்மல்.

“பாத்தீங்களா? நின்ன இடத்துலயும் அதே நம்பர்ல தும்முது. இப்ப இன்ஜின்மேல பாரமே இல்லையே?”

காயிலோ பம்போ கெட்டிருந்தால் இன்ஜின் பாரம் இழுக்கும்போதுதான் திணறும். சும்மா நிற்கும்போது அதற்குப் பெரிய தேவை எதுவும் கிடையாது. பாரத்தைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் பார்த்து வருகிற நோய் என்றால் அது வால்வ் ஸ்பிரிங். வால்வ் ஒரு கதவு. கேம் என்கிற மேடுள்ள தண்டு தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். ஸ்பிரிங் தளர்ந்துபோனால், மெதுவாகப் போய்வரும்வரை கதவு ஒழுங்காக மூடும். வேகம் கூடினால் மூடி முடிப்பதற்குள் அடுத்த தள்ளு வந்துவிடும். அப்புறம் வால்வ் அந்தரத்தில் மிதக்கும். ஒருநாள் பிஸ்டன் வந்து அதை முட்டும். அன்றோடு இன்ஜின் தீர்ந்தது.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை அது. போன வருடம் அதே இன்ஜினுக்கு வால்வை இன்னும் அகலமாகத் திறக்கிற உயரமான கேம் மாட்டும்போது, அடுத்த தெரு லேத்காரர் தேடி வந்து சொன்னார்: “கேமை மாத்துனா ஸ்பிரிங்கையும் மாத்துப்பா. இல்லேன்னா எங்கிட்ட கொண்டு வா, அழுத்தம் பாத்துத் தர்றேன்.” இவர் கேட்கவில்லை. வால்வுக்கு ஒன்றாகப் பதினாறு ஸ்பிரிங்கையும் கண்ணாடித் தகட்டின்மேல் வரிசையாக நிற்கவைத்து, மேலே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் கொஞ்சமும் ஆடவில்லை. “பாருங்க, பதினாறும் ஒரே உயரம். அழுத்திப் பாக்குற மிஷின் எல்லாம் காது கேக்காதவங்களுக்கு” என்றார். டீ குடிக்க வந்திருந்த ஆறு பேர் சிரித்தார்கள். லேத்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

ஸ்பிரிங் அழுத்தம் பார்க்கும் மிஷின் அந்த வட்டாரத்தில் லேத்காரர் ஒருவரிடம்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஸ்பிரிங்குகளைக் கழற்றி, மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி, அடுத்த தெருவுக்கு நடந்தார். யாராவது கேட்டால் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருவரும் கேட்கவில்லை. அது வேறு ஏமாற்றமாக இருந்தது.

லேத்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். “மதியச் சாப்பாடா?”

“அண்ணே, கொஞ்சம் அழுத்திப் பாத்துச் சொல்லுங்க.”

“ஏன், காதுல வெச்சுப் பாத்தியா? ஒண்ணும் பேசலையா?”

“பேசல அண்ணே.”

லேத்காரர் மிஷின் பக்கம் திரும்பினார். முதல் ஸ்பிரிங்கை மிஷினில் வைத்து, இன்ஜினில் உட்காருகிற உயரத்துக்குக் கைப்பிடியை இறக்கினார். முள் நாற்பது கிலோ காட்ட வேண்டும், இருபத்தெட்டில் நின்றது. அடுத்தது இருபத்தேழு. அதற்கடுத்தது இருபத்தெட்டு. பதினாறாவதும் இருபத்தெட்டு.

“ஒத்துமையான குடும்பம்” என்றார் லேத்காரர். “ஒண்ணுகூட விட்டுக்கொடுக்கல. எல்லாம் சேர்ந்தே செத்திருக்கு. ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டா என்னப்பா தெரியும்? நோயாளி பக்கத்துல நோயாளிய நிக்கவெச்சு, ரெண்டு பேரும் ஒரே நெறம், அதனால நல்லாருக்காங்கன்னு சொல்ற மாதிரி.”

“புதுசு கிடைக்குமா அண்ணே?”

“செவ்வாய்க்கிழமை வரும்.”

சனிக்கிழமை செவ்வாய்க்கு முன்னாலேயே வந்துவிடுகிற நாள்.

பழையதையே மாட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைக் காரில் செருகி, ஆறாயிரத்து இருநூறுக்கு மேல் இன்ஜின் ஏறாதபடி தடை போட்டார். இன்ஜின் பிழைக்க அது ஒன்றுதான் வழி. செய்துவிட்டு உட்கார்ந்தபோது இன்னொரு வழியும் தெரிந்தது: சொல்லாமலே விட்டுவிடலாம். தும்மல் நின்றுவிட்டது, இனி இவ்வளவுதான் இந்தக் காரின் வேகம் என்றால் நம்பிவிடுவாள். காதின் பெயரும் பிழைக்கும். இந்த வாதத்தை அவர் உள்ளுக்குள் மிக அழகாக எடுத்துவைத்தார். பிறகு, வளைவின் நடுவில் அவளுக்குத் தெரியாமல் தடை விழுந்தால் வண்டி எப்படித் துள்ளும் என்று நினைத்துப் பார்த்தார்.

அவள் வந்ததும், “தும்மல் போச்சா?” என்றாள்.

“போகல. கட்டிப் போட்டிருக்கேன். ஆறாயிரத்து இருநூறுக்கு முன்னாடியே கியர மாத்திடு. ஸ்பிரிங் போச்சு. போன வருஷமே மாத்தியிருக்கணும், லேத்காரர் சொன்னார். நான்தான் கேக்கல.”

“அப்ப காயில்? பம்ப்?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“இத திங்கக்கிழமையே சொல்லியிருந்தா ஸ்பிரிங் இந்நேரம் வந்திருக்கும் அத்தான்.”

அவருக்குத் தலையைச் சாய்க்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அவள் சீக்கிரமாகவே கியர் மாற்றி மாற்றி, ஒரு இடத்திலும் தடையைத் தொடாமல் ஓட்டினாள். வளைவுகளில் யாரும் அவளை நெருங்கவில்லை. நேர்ப்பாதையில் எல்லோரும் தாண்டிப் போனார்கள். பட்டியலில் மூன்றாவது. இடம் இரண்டு. தேர்வாளர் மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, அடுத்த மாதம் இன்னொரு நாள் இருக்கிறது, வேறு இன்ஜினோடு வா என்றாராம்.

“வேற இன்ஜின் வேண்டாம், வேற மெக்கானிக் போதும்னு சொல்லிட்டு வந்தேன்” என்றாள், கார் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு. சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புது ஸ்பிரிங் வந்தது. லேத்காரர் பட்டறையில் அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முள் காட்டுவதை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினாள். லேத்காரர் மிஷினை இயக்கினார். கைப்பிடியைத் தொட ‘காது’க்கு அனுமதி இல்லை. ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுக்கலாம், வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

“நாப்பது” என்றார் லேத்காரர்.

“நாப்பது” என்று எழுதினாள் அவள். “அடுத்தது குடுங்க அத்தான். உயரம் பாக்க வேண்டாம்.”