டீச்சர் பேசாமல் நின்ற பாடம்

பகலெல்லாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. சாயங்காலமானால் அதே குட்டிப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவார்கள். டீச்சருக்குப் பகலிலும் வகுப்பு, மாலையிலும் வகுப்பு. வீட்டுக்குப் போனால் அடுப்படி. களைப்பு அவளுக்குக் கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது.

அது போதாதென்று இஸ்திரிக்கடை அக்கா வந்து, "இந்த வாரத்தோட நின்னுக்கறேன் டீச்சர். என் மண்டையில ஒண்ணும் ஏறல," என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி. எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று படிக்கத்தான் வகுப்புக்கே வந்தாள். இன்னமும் நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறாள். நாளைக்கு நிறம் மாறி வந்தால்?

மேலிடத்திலிருந்து ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பியிருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு போக்கிடம் இல்லாமல் திறந்தாள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பதே இல்லையாம். நம்பாதவர்கள் தங்கள் வகுப்பைப் பதிவுசெய்து தாங்களே கேட்டுப் பார்க்கலாமாம். "நானா? போங்கடா!" என்று சொல்லிக்கொண்டே மறுநாள் போனில் பதிவுசெய்து, வீட்டில் காய் நறுக்கியபடி போட்டுக் கேட்டாள்.

"மொத எழுத்து என்ன? ம. அடுத்தது? ரு. அப்புறம்? ந், து. சேர்த்துப் படிச்சா? மருந்து! வெரிகுட்!"

கேட்டதும் அவளே, சொன்னதும் அவளே, பாராட்டிக்கொண்டதும் அவளே. ச்சே!

கூடத்தில் இருந்த புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுக்குப் போய் ஆராய்ச்சி பண்ணாங்களா? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. இந்த வீட்டுல நான்..."

"வாயே திறக்க முடியல, அதானே?" என்று அவளே முடித்துவைத்தாள். பிறகுதான் உறைத்தது. அவனையும் முடிக்க விடவில்லை; அவன் சொல்ல வந்தது வேறு ஏதோ.

அடுத்த வகுப்பில் பலகையில் 'உணவுக்குப் பின்' என்று எழுதினாள். "அக்கா, நீங்க படிங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் காத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேன் டிரைவர் உதவிசெய்ய வாயெடுத்தார். டீச்சர் முறைத்த முறைப்பில் அடங்கினார். மின்விசிறி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். சொல்லித் தொலைத்துவிட்டால்தான் என்ன என்று பாழும் மனசு அடித்துக்கொண்டது. சாக்பீஸைக் கைக்குள் நொறுக்கியபடி நின்றாள்.

"உ... ண... வு..." அக்கா பாதியில் நின்றுவிட்டாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உணவுக்கு... ப்... பின்." அக்கா நிமிர்ந்தாள். "சாப்ட்டப்புறம் குடுக்கணும்!"

வகுப்பே கைதட்டியது. டிரைவர் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார். அக்காவின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"அப்போ இத்தனை நாளும் எனக்கு வந்திருக்குமா டீச்சர்? நான் மக்குன்னு நெனச்சு வீட்டுல உக்காந்து அழுதேனே."

டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. யாரும் எடுத்துக்கொடுக்கவும் இல்லை.

அக்கா அவசரப்படுத்தவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.