நாலு நெடில்

நாகலூர் காப்பி விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே சிவரஞ்சனிக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. புரோகிராமில் தப்பில்லை, தப்பெல்லாம் போனில்தான் நடக்கிறது.

மாரமங்கலம் கொட்டகையில் கொட்டை தரம் பிரிக்கும் தேவகுமாரி, மூட்டைகள் வண்டி ஏறும்போது அவற்றின் குறியீட்டை நாகலூர் ஸ்டோருக்குப் போனில் வாசிப்பாள். ஸ்டோர் ரைட்டர் பிரபாகர் எழுதிக்கொள்வார். யார் காப்பி, எந்தத் தோட்டம், என்ன ரகம், என்றைக்குப் பறித்தது எல்லாம் சேர்ந்து முப்பத்தோர் இங்கிலீஷ் எழுத்து. சிக்னல் விட்டுவிட்டு வரும். 'பி'யா 'டி'யா என்று இருவரும் மல்லுக்கட்டுவார்கள். போன வாரம் அங்கப்பனின் அராபிகா, யாருடைய ரோபஸ்டாவோடோ கலந்துபோய், மனிதர் சங்கத்து வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

சிவரஞ்சனி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறுபது விவசாயி, ஆளுக்கு அதிகபட்சம் நாலு தோட்டம், இரண்டு ரகம், நூற்றிருபது நாள் சீசன். பெருக்கினால் அறுபதாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதற்குப் போய் முப்பத்தோர் எழுத்தா? இங்கிலீஷை விட்டுத் தமிழுக்கு மாறி, காதில் குழம்பும் எழுத்துகளைத் தூக்கி எறிந்தாள். ல இருந்தால் ள, ழ வேண்டாம். ர இருந்தால் ற வேண்டாம். குறிலும் வேண்டாம், நெடில் மட்டும். மிஞ்சியது ஐம்பத்தைந்து எழுத்து. அதில் மூன்றே எழுத்தில் எல்லா விவரமும் அடங்கியது. முதல் மூன்றில் ஏதாவது தப்பாகக் கேட்டால் காட்டிக்கொடுக்க நாலாவதாக ஒன்று.

'மீகாதோரூ', 'பாவேலீசா' என்று திரையில் வரிசையாக வந்து விழுந்தபோது, தானே ஒரு பாஷையைப் பெற்றெடுத்ததுபோல் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தேவகுமாரிக்கும் பிடித்துப்போயிற்று. நாலு நாள் தாலாட்டுப் பாடுகிற மாதிரி வாசித்தாள். ஒரு மூட்டைகூட மாறவில்லை.

ஐந்தாம் நாள் சிவரஞ்சனி ஸ்டோரில் இருந்தபோது போன் வந்தது. பிரபாகர் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வெங்கடாசலம் அண்ணன் மூட்டைங்க," என்ற தேவகுமாரி நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்க."

"சொல்லித்தான் ஆவணுங்களா?"

"ஏனுங்க, வண்டி நிக்குதுல்ல?"

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்." பெருமூச்சு கேட்டது. "போடாநாயே."

பிரபாகரின் பேனா நின்றது. இருபது வருஷ சர்வீஸ். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"திருப்பிச் சொல்லுங்க," என்றார்.

"போடா... நாயேங்க."

பின்னால் கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. பிரபாகர் நாலெழுத்தையும் எழுதி, கம்ப்யூட்டரில் தட்டி, "சரியாத்தான் இருக்குது," என்று சிவரஞ்சனியைப் பார்த்தார். அவளுக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம்போல் இருந்தது. காவலுக்கு வைத்த அந்த 'யே', எவ்வளவு பொறுப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறது!

திட்டாக வருவதையெல்லாம் தாண்டிப்போகச் சொல்லிப் புரோகிராமைத் திருத்திவிடலாம். ஆனால் அதற்குத் திட்டுகளின் பட்டியல் வேண்டுமே. கான்வென்டில் படித்த சிவரஞ்சனிக்கு யோசித்து யோசித்து மூன்றுதான் தேறியது. மறுநாள் மாரமங்கலம் பஸ் ஏறினாள்.

"கண்ணு, உம்முன்னாடி எப்பிடிச் சொல்றது?" என்று கொட்டகைப் பெண்கள் முதலில் நெளிந்தார்கள். மாதம்மாள்தான் 'பேயே' என்று மெல்ல ஆரம்பித்தாள். பிறகு மடை திறந்துவிட்டது. சிவரஞ்சனியின் காது சிவக்கச் சிவக்க, விரல் மட்டும் நிற்காமல் தட்டியது.

"குறில் வந்தா வேண்டாங்க. நெடில் மட்டும் சொல்லுங்க," என்றாள்.

"அப்ப எம் மாமியா திட்டுறது ஒண்ணுமே சேராது," என்று மாதம்மாள் வருத்தப்பட்டாள். "அவ எல்லாமே வெடுக்குவெடுக்குனுதான்."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா கண்ணு?" என்று தேவகுமாரி கேட்டாள். "நொம்ப நல்ல வேலைதான்."

இருபத்தாறு தேறியது. அன்று மாலையே புரோகிராமைத் திருத்தி, வெங்கடாசலத்தின் மூட்டைக்குப் புதுக் குறியீடு போட்டாள். 'யாவேமோதீ'. அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. பழசு நன்றாக நினைவில் நின்றதாம்.

சனிக்கிழமை பிரபாகர் அவள் மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். கோடு போட்ட தாள், முத்து முத்தான கையெழுத்து, வரிசை எண்ணோடு நாற்பத்து மூன்று வார்த்தைகள். அத்தனையும் நெடில்.

"உங்க பட்டியல்ல கொஞ்சம் விட்டுப்போச்சுங்க," என்றார். "ரைட்டர் வேலைன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல. ஞாபகம் இருக்கறத எழுதியிருக்கேன்."

சிவரஞ்சனி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்றாவதில் நின்றுவிட்டாள். அப்படியொரு வார்த்தையை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"சார், இது யாருங்க சொன்னது? எஸ்டேட் ஆளுங்களா?"

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீசைக்கு அடியில் உதடு ஒரு பக்கம் லேசாகக் கோணியது.

"அது எங்க ஊட்லீங்க," என்றார்.