உதிறவுகோல்னான்

என் மனைவி பூட்டுக்கடை வைத்திருக்கிறாள். நான் அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு தொழிலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவள் சாவி வெட்டும் இயந்திரத்தை ஓட்டினால் என் மேசையில் தண்ணீர் டம்ளர் நடுங்கும். என் போர்க்களங்களில் வாளோடு வாள் உரசும் ஓசை அச்சு அசலாக இருக்கிறது என்று யாராவது பாராட்டினால், அது அரை குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றுக்குப் போய்ச் சேரவேண்டிய பாராட்டு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். சாவி தயாராகும்வரை நிற்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டுமே, ஏதாவது பேசுவார்கள். எதில் தொடங்கினாலும் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள்.

"உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

பதினோரு வருஷமாக அவள் பதில் ஒன்றுதான். "ஒரு வேலை எடுத்திருக்காரு. இன்னும் முடியல."

எழுத்தாளர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்கள் நான் வீடு கட்டுகிறேன் என்றோ வழக்கு நடத்துகிறேன் என்றோ நினைத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் கிணறு வெட்டுகிறேன் என்றே முடிவு செய்துவிட்டார். தெருவில் பார்க்கும்போதெல்லாம் "தண்ணி வந்துச்சா சார்?" என்பார். "ஈரம் தெரியுது" என்று சொல்லித் தப்பிப்பேன்.

அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்டாதவரை எந்தச் சாவியையும் அவள் சாவி என்று சொல்லமாட்டாள். "இப்போதைக்கு இது வெறும் பித்தளை" என்பாள். அதே சட்டம்தான் எனக்கும். முடியாத நாவலை நாவல் என்று சொல்லமாட்டாள், படிக்கவும் மாட்டாள். "முடிங்க. படிக்கிறேன்."

அவளுடைய அம்மாவுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. தொலைபேசியில் நலம் விசாரித்த கையோடு கேட்பார். "மாப்பிள்ளை, அந்த ராஜா இன்னுமா சாகல?"

"ஒம்பதாம் பாகத்துல செத்துருவாரு அத்தை."

"எத்தனை வருஷமாப் படுக்கையில கெடக்காரு, பாவம். சீக்கிரம் அனுப்பி வைங்க."

பரிசு, மாலை, மேடை எல்லாம் வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் ஞானி இல்லை. ஆனால் அவையெல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும். எனக்கு முதலில் வேண்டியது, தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு பதில் மாறவேண்டும். அவ்வளவுதான்.

ராஜா செத்தார். பத்தாம் பாகமும் முடிந்தது. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு கோட்டையின் வடக்கு வாசல் சாவியை மூன்று முற்றுகைகளிலும் எவனிடமும் கொடுக்காமல் காத்த ஒரு பெண்ணின் கதை. யாரைப் பார்த்து எழுதினேன் என்று கதாநாயகியைப் பார்த்தாலே தெரியும். வாயைத் திறந்து சொன்னதுதான் இல்லை.

அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புத் திருத்தியவர் புள்ளியக்கா. எழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"என்ன எழுத்தாளரே, உங்க கதை நடந்து எத்தனை வருஷம் இருக்கும்?"

"எழுநூறு இருக்கும்க்கா."

"அப்போ சாவிங்கிற சொல் உங்க கதாநாயகி இடுப்புல எப்படித் தொங்குது? அது அப்புறம் பறங்கியரோட கப்பலேறி வந்த சொல்லாச்சே. அந்தக் கப்பலைக் கட்ட மரமே அப்போ முளைச்சிருக்காது."

எனக்கு வியர்த்துவிட்டது. பூட்டுக்கடையில் குடியிருப்பவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது வெளியூர்ச் சொல் என்று சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

"திறவுகோல்னு மாத்திடறேன்க்கா."

"மாத்துங்க. அப்படியே இந்த 'உசாவினான், உசாவினாள்' எல்லாத்தையும் 'கேட்டான், கேட்டாள்'னு ஆக்கினா கதை ஒண்ணும் கெட்டுப்போகாது."

"சரித்திர நாவல்க்கா. ராஜா கேட்டான்னு எழுதினா, கடையில ரெண்டு பல்பு கேட்ட மாதிரி இருக்கும்."

புள்ளியக்கா பெருமூச்சுவிட்டு வைத்துவிட்டார். நான் கணினியைத் திறந்தேன். 'சாவி' இருக்கும் இடமெல்லாம் 'திறவுகோல்' என்று கொடுத்து, அனைத்தையும் மாற்று என்றேன். கண் இமைக்கும் நேரத்தில் ஐந்நூற்றுப் பத்தொன்பது மாற்றங்கள். பதினோரு வருஷத்தில் நான் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

விட்டேனா? இலக்கணம் தெரிந்தவன் அல்லவா. 'திறவுகோல்யை' என்று சில இடங்களில் அசிங்கமாக நின்றது. அதைத் 'திறவுகோலை' ஆக்கினேன். 'திறவுகோல்ன்' என்று பார்த்தேன், 'திறவுகோலின்' ஆக்கினேன். 'திறவுகோல்ல்' என்பதைத் 'திறவுகோலில்' ஆக்கினேன். எல்லாமே கண்டுபிடித்து மாற்றும் வேலைதான், வாக்கியத்தைப் படிக்கிற வழக்கமே இல்லை. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு பிரதியை அச்செடுத்து, கட்டிக்கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தேன்.

"முடிஞ்சுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். காகிதக் கட்டைத் தூக்கி எடை பார்த்தாள். "நம்ம இரும்புப் பெட்டிக்கதவு கனம் இருக்கு" என்றாள். பிரித்து முதல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அச்சகத்தில் வரும் சனிக்கிழமையைத் தாண்டி அடுத்த சனிக்கிழமைதான் அச்சடிக்கத் தகடு எடுப்பார்கள். எடுத்துவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்தே வாழ்ந்தேன். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அவள் படித்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவ்வப்போது ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். சாவியில் தப்பு எங்கே என்று குறிப்பதற்கும் அவள் அதே பென்சிலைத்தான் எடுப்பாள். 'எப்படி இருக்கு?' என்று கேட்கலாமா என்று நாளைக்கு நாலு முறை போய்நின்று, சுத்தியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கூப்பிட்டாள். கட்டு மூடியிருந்தது.

"ஏங்க, முடிச்சிட்டேன். முடிக்காம எதுவும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஒரே ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு."

"உதிறவுகோல்னான்னா என்னங்க? பழைய தமிழா?"

"என்னது?"

"உதிறவுகோல்னான். கதை பூரா வருதே. ராஜா அமைச்சர்கிட்ட மெல்ல உதிறவுகோல்னான். அமைச்சர் திரும்ப உதிறவுகோல்னார். ஏதோ பூட்டைத் திறக்கிற காரியம்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஆனா ராணி காய்ச்சலோட படுத்துக்கிட்டே உதிறவுகோல்னாங்களே, அங்க எந்தப் பூட்டு இருந்துச்சு?"

உசாவினான். உ, சாவி, னான். நடுவில் உட்கார்ந்திருந்த சாவியைக் கணினி சரியாகப் பிடுங்கி எடுத்திருக்கிறது.

கட்டைப் பிரித்தேன். அடுத்த அடி அங்கேயே விழுந்தது. 'அரசன் திறவுகோலின் விளிம்பில் நின்று சிரித்தான்.' நான் எழுதியது, சாவின் விளிம்பில். 'தளபதியின் திறவுகோலில் படையே கலங்கியது.' தளபதியின் சாவில். சாவு என்ற சொல் 'இன்', 'இல்' சேர்ந்து நின்ற இடமெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு சாவி இருந்திருக்கிறது. இலக்கணம் தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் தப்பு பல்லை இளித்துக்கொண்டு நின்றிருக்கும். நான் அதைத் தேய்த்து மெருகேற்றி, யாருக்கும் தெரியாமல் செய்திருந்தேன். பத்துப் பாகத்திலும் ஒருத்தன்கூடச் சாவின் விளிம்பில் நிற்கவில்லை. எல்லோரும் திறவுகோலின் விளிம்பில் நின்றார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த இடங்களில் எல்லாம் ஓரத்தில் பென்சில் கோடு.

"தப்புன்னு தெரிஞ்சுதானே கோடு போட்ட?"

"தப்பா? புடிச்ச எடம்ங்க அது." அவள் அரத்தை எடுத்து, எதையும் ராவாமல் கையில் உருட்டினாள். "மொதல்ல புரியல. அப்புறம் பார்த்தா, ஒருத்தர் செத்துப்போறாங்கன்னு சொல்லவேண்டிய எடத்துல எல்லாம் திறவுகோல்னு சொல்லியிருக்கீங்க. திறவுகோலோட விளிம்புன்னா பல்லுதானே. அந்தப் பல்லுல நின்னுக்கிட்டு ராஜா சிரிக்கிறாரு. அடேயப்பான்னு ஆயிருச்சு. பதினோரு வருஷம் இந்த மெஷின் சத்தத்துல எரிச்சல்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன். நம்ம தொழிலை இவ்வளவு ஒசத்தியா வெச்சிருக்கீங்கன்னு..."

அரத்தைக் கீழே வைத்தாள்.

ஒரு சின்ன 'ஆமா' போதும். காலையில் தகடு எடுத்துவிடுவார்கள். விமரிசகர்கள்கூட இதைப் புதுப் பாணி என்று கொண்டாடக்கூடும், அவர்களை நம்ப முடியாது. ஆனால் திருப்பிக் காட்டாத சாவியைச் சாவி என்று சொல்லாதவளிடம் நான் எந்த முகத்தோடு பித்தளையை நீட்டுவது?

சொல்லிவிட்டேன். கப்பல், புள்ளியக்கா, அனைத்தையும் மாற்று, என் இலக்கண மேதைமை எல்லாவற்றையும்.

அவள் கட்டைத் தன் பக்கம் இழுத்து, கோடு போட்ட ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ ராஜா பல்லுல நிக்கலையா?"

"இல்லம்மா. சாவின் விளிம்புல."

"படுத்துக்கிட்டே அந்த ராணி..."

"ஏதோ கேட்டாங்க. அவ்வளவுதான்."

சிரிப்பு அவள் தோளில்தான் முதலில் தெரிந்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாட்டியிருந்த சாவிகள்கூடக் கலகலவென்றன. பெருமைப்பட்டு ஏமாந்தவள் சிரிக்கிறாள், ஏமாற்றியவனுக்கோ கண் கலங்குகிறது. என் நாவலில் இப்படி ஒரு காட்சி வைத்திருந்தால் புள்ளியக்கா அடித்திருப்பார்.

"ஒண்ணு மட்டும் தப்பு இல்ல" என்றேன். "அந்த வடக்கு வாசல்காரி. அவ கணினி செஞ்சவ இல்ல. அவ நீதான்."

"அது எனக்குத் தெரியாதா? கோவம் வந்தா எடது கையால கூந்தலை முடிஞ்சுக்கிறா. கண்ணாடியில பாக்கிற மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போனைப் போடுங்க அச்சகத்துக்கு."

அச்சகத்துக்காரர் கறாராகச் சொன்னார். "அஞ்சு மணிக்குள்ள புதுக் கோப்பு வரணும். வரலைன்னா உங்க ராஜா இப்படியேதான் போவாரு."

அப்போது மணி இரண்டு. அவள் கடைக்கதவில் 'இன்று விடுமுறை' பலகையைத் திருப்பி மாட்டினாள். வேலைநாளில் அந்தப் பலகை வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பின்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தத் திறவுகோல் நிஜத் திறவுகோல், எது செத்துப்போனது என்று கணினிக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய பென்சிலுக்குத் தெரியும். பிடித்த இடம் என்று அவள் கோடு போட்ட அறுபத்து மூன்றும்தான் என் பிழைப் பட்டியல்.

"நாப்பத்தி ஏழாம் பக்கம், மேலருந்து மூணாவது வரி. தளபதி."

"சாவில். ஆச்சு."

"நூத்தி ரெண்டு. யானைப்பாகன்."

"சாவின். ஆச்சு."

"பாவம், நல்ல மனுஷன்" என்று யானைப்பாகனுக்கு மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தினாள். ஒவ்வொரு பென்சில் கோட்டையும் அழித்தபின் ஒரு டிக் போட்டாள். உதிறவுகோல்னவர்கள் தனிக் கணக்கு, எண்பத்தெட்டுப் பேர். எல்லோரையும் 'கேட்டான்', 'கேட்டாள்' என்றே ஆக்கிவிட்டேன். சரித்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலே காலுக்கு அறுபத்து மூன்றாவது கோட்டுக்கு வந்தோம். நாவலின் கடைசி வரி. வடக்கு வாசல்காரி இறந்தபிறகு அவள் இடுப்பிலிருந்து திறவுகோலை எடுத்துத் திறக்கிறார்கள். நான் எழுதியது, 'அவளுடைய சாவில்தான் கோட்டையின் கடைசிக் கதவு திறந்தது.' இப்போது திரையில் நின்றது, 'அவளுடைய திறவுகோலில்தான் கோட்டையின் கடைசிக் கதவு திறந்தது.'

கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனேன். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதை விட்டுருங்க."

"இதுவும் அதே தப்புதாம்மா."

"இருக்கட்டும். அவ செத்தது அதுக்கு முந்தின வரியிலயே தெரிஞ்சுருச்சுல்ல. திரும்ப எதுக்கு அவளைச் சாகடிக்கிறீங்க?" கொஞ்சம் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தாள். "ஆனா 'திறவுகோலில்' தப்பு. சாவியில பூட்டு திறக்காது. சாவிக்குத்தான் திறக்கும். எங்க கடையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவள் கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதை வாய்விட்டுப் படித்துப்பார்த்தேன். அவளுடைய திறவுகோலுக்குத்தான் கோட்டையின் கடைசிக் கதவு திறந்தது.

அந்தக் கடைசி வரியை நான் இருபத்தாறு முறை திருத்தியவன். இருபத்தேழாவது முறை அவள் திருத்தினாள். அதற்குப் பிறகு அதில் கை வைக்க எனக்குத் தோன்றவில்லை. நாலு ஐம்பதுக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போய்ச்சேர்ந்தது.

எப்படி இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடுமுறைப் பலகையைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு அலமாரிப் பூட்டைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை. அங்கே தகடு எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் பின்னறையில், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, எழுத ஒன்றுமில்லாமல் டம்ளர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே ஒரு குரல், கடைக்குப் புதியவர்.

"உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

தடுப்புப் பலகையில் காதை ஒட்டினேன்.

"நாவலாசிரியர்" என்றாள் என் மனைவி. தெருவின் அந்தக் கோடிக்குக் கேட்டிருக்கும். "ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு பக்கம். பதினோரு வருஷம் எழுதினாரு. முடிச்சிட்டாரு. நான் படிச்சிட்டேன். கடைசி வரி இருக்கு பாருங்க, அதுக்காகவே முழுசும் படிக்கலாம்."

"ஓ, கதையா?" என்றார் அந்த ஆள். "அது சரிங்க. வேலைன்னு என்ன பண்றாரு?"

இயந்திரம் நின்றது. மேசையில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க திறவுகோல் நாளைக்குத்தான் கிடைக்கும்."

"என்னது?" என்று உசாவினார் அவர்.