நாலடி ஒதுக்கீடு

இரண்டாவது கூட்டத்திலும் அணைக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த குடிநீர் வாரியப் பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. சிவக்காதா பின்னே? அந்தப் பொறியாளர் அவர் மனைவிதான்.

விஷயம் இதுதான். அணையின் மேல் நாலடியை எப்போதும் காலியாக வைத்திருப்பார்கள், திடீர் வெள்ளம் வந்தால் வாங்கிக்கொள்ள. ஊரோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது. மேட்டுக் குடியிருப்புகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அந்த நாலடியிலும் தண்ணீரைத் தேக்கிக் குடிநீருக்கு ஒதுக்குங்கள் என்று அவள் மன்றாடுகிறாள். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று இவர் ஒரே பாட்டைப் பாடுகிறார்.

அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’. வீட்டுக்கு வந்ததும் தட்டு ‘ணங்’கென்று விழுந்தது.

“குடத்தோட நிக்கிறவங்க முகத்த ஒரு தடவ வந்து பாருங்க. உங்களுக்கு நெஞ்சா, கல்லா?”

அவர் சோற்றோடு அதையும் சேர்த்து விழுங்கினார். உண்மையைச் சொல்ல முடியாதே! குழாய் எங்கே போகிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மதகைத் திறந்தால் வெள்ளம் எங்கே போகும் என்பது இவருக்குத்தான் தெரியும். நாலடியும் நிரம்பியிருக்கும்போது பெருமழை பிடித்தால் எல்லா மதகையும் திறந்தாக வேண்டும். தண்ணீர் நேரே ஆற்றோரத் தெருவுக்குள் புகும். அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் மேட்டில் மனை வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். போகாதது ஒரே ஒரு வீடு. முட்டி தேய்ந்துபோன, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் அதில் தனியாக இருக்கிறார். அவள் அப்பா.

கூட்டத்தில் சொன்னால் மறுநாளே மாமா வீட்டுக் கதவில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்கள். இவளிடம் சொன்னால், ஊரா அப்பாவா என்று தவித்துப்போவாள். அதற்குக் கல்நெஞ்சுக்காரன் என்று பேர் வாங்குவதே மேல் என்று மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கொடுக்கப் போனவரை மாமனார் பிடித்துக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை, போன்ல உங்களக் கிழிச்சுத் தொங்கவிட்டாளே! ஏன் இந்தப் பிடிவாதம்?”

“அது... பாதுகாப்பு மாமா.”

வாய் பொய் சொன்னாலும் கண் சுவரில் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றது. காலமெல்லாம் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்தே வண்டி ஓட்டியவரிடம் அது செல்லுமா? கைத்தடியை நீட்டி அதே இடத்தைத் தொட்டார்.

“தண்ணி இதுவரைக்கும் வருமோ?”

“...வரும் மாமா.”

“அப்போ என் கட்டில்?”

“முழுகிடும்.”

கிழவர் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். “அட பைத்தியக்காரா!” என்றார், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் மறந்து. “எனக்காகவா ஊரத் தவிக்க விட்டீங்க?”

“நீங்கதானே இங்கேருந்து வரவே மாட்டேன்னு சொன்னீங்க?”

“மேட்டுல தனியாப் போய் இருன்னாங்க, மாட்டேன்னேன். நீங்க ரெண்டு பேரும் என்னைக்காவது வான்னு கூப்பிட்டீங்களா?”

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா ரோஷக்காரர், கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார் என்று அவள் சொல்வாள். இவரும் தலையாட்டுவார். கூப்பிடத்தான் இல்லை.

போன் செய்ததும் அவள் ஓடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். புருஷன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “வாய் இல்லையா உங்களுக்கு? வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே!” என்று அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

“அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்” என்றார் அப்பா. “மாப்பிள்ளை, ஊருக்கு நாலடி ஒதுக்கப் போறீங்க. எனக்கு எவ்வளவு?”

“அப்பா...”

“இத்தனை நாள் என்னை ஒதுக்கி வச்சது போதும்மா. உங்க வீட்டுல ஜன்னலோரமா ஒரு ஆறடி ஒதுக்கிக் குடுங்க.”

“ஐயோ, ஆறடின்னு சொல்லாதீங்கப்பா!”

“அடியே, கட்டிலுக்குச் சொன்னேன்!”

அழுகையும் சிரிப்புமாக அவள் அப்பாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். அணைக்காரர் தரையில் மண்டியிட்டு, கட்டிலின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.