கரையாத படிகம்

...அழகாக இருந்தால் மட்டும் போதுமா, தண்ணீரில் போட்டால் மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறதே, அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்ய... ஜுரேமா இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே லேபின் தலைவர் புரொபசர் எவெரார்டோ கேக்கை வெட்டிவிட்டார், எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம், காலையில்தான் செய்தி வந்தது, அதற்குத்தான் இந்தச் சோளமாவு கேக்கும் காபியும், சுவரில் இவ்வளவு பெரிதாக அந்தப் படமும். அவள் கண்டுபிடித்துக் கொடுத்த அமைப்பு. கூட வேலைபார்க்கும் தாயிஸ் செய்து தந்த வெள்ளைப் பொடியைச் சூடான திரவத்தில் கரைத்து, மாதக்கணக்கில் மெல்ல ஆறவிட்டு, படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சி, எந்த அணு எங்கே இருக்கிறது என்று பார்த்தவள் அவள்தானே, ஒரு மூலக்கூறு அடுத்ததன் கையைப் பிடித்திருக்க, அது அதற்கடுத்ததன் கையை, நடுவில் காற்றுப் புகக்கூட இடமில்லாமல்... அந்தப் பிடிதான் வினை. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பது ரத்தத்தில் எப்படிக் கரையும், விழுங்கினால் அப்படியே வெளியே போகும். கண்ணாடித் தட்டில் வேறு திரவத்தில் கரைத்து ஊற்றினால் நோயைத் தரும் ஒட்டுண்ணி சாகிறது, பொய்யில்லை, துடிப்பு அடங்குவதை அவளே பார்த்தாள், ஆனால் மனுஷனைத் தூக்கி அந்தத் திரவத்தில் ஊறப்போட முடியுமா? கட்டுரையின் தலைப்பில் ‘மருந்தாகும் சாத்தியம்’ என்று ஒரு சொல், என்ன சௌகரியமான சொல், அதற்கு யாரும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை...

“அமிலம் சேர்த்து உப்பா மாத்திப் பார்த்தா தண்ணியில கரையலாம் புரொபசர், ஒரே ஒரு தடவை...” என்று அவள் ஆரம்பித்ததுமே அவர் தட்டை அவள் கையில் திணித்தார். “இன்னிக்காவது கேக்கைத் தின்னும்மா. அமைப்பைக் காட்டறதோட நம்ம வேலை முடிஞ்சுது, மருந்துக் கம்பெனி எவனும் இதைத் தொடமாட்டான், மண் வீட்டுக்காரனுக்கு வர்ற நோய், வாங்கறதுக்கு ஆள் வேணாமா? தாயிஸ் அடுத்த வரிசைப் பொடிகளைச் செஞ்சு வெச்சிருக்கா, அதை வளர்த்துக் குடு.” கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். தாயிஸ் வேறு கண்ணடித்து, “படிகம் வளர்க்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லைடீ, புருஷன் அமைஞ்சு புள்ளை பெத்திருந்தா கூட அதை இவ்வளவு பொறுமையா வளர்த்திருக்கமாட்டே” என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். மண் வீட்டுக்காரன்... அவளும் மண் வீட்டுக்காரிதான், அது இங்கே யாருக்கும் தெரியாது, அவள் சொன்னதில்லை. சுவர் வெடிப்பிலிருந்து இருட்டில் இறங்கிவந்து தூங்குகிறவர்கள் முகத்தைக் கடிக்கும் அந்தப் பூச்சிக்கு இரையாகச் சின்ன வயதில் அவளும் தம்பி அடெமாரும் ஒரே பாயில்தான் கிடந்தார்கள், ஒரே போர்வை, அப்புறம் ஏன் அவன் ரத்தத்தில் மட்டும் நோய், அவள் ரத்தம் மட்டும் எப்படிச் சுத்தம்? சாந்தோஸ் துறைமுகம் வரை லாரி ஓட்டியவன், பெட்ரோல் பங்கில் மயங்கி விழுந்தான், இதயம் வீங்கிவிட்டது என்றார்கள், லைசென்ஸ் போயிற்று, இப்போது டயர் கடையில் காற்றடிக்கிறான். “எனக்கு ரொம்பப் பெரிய மனசுன்னு எக்ஸ்ரேயிலயே வந்துருச்சுக்கா, இனி எவனும் என்னைக் கஞ்சன்னு சொல்லமுடியாது” என்று அன்றைக்குக்கூடச் சிரித்தவன். ஞாயிறு தவறாமல் போன், எடுத்தவுடன் “உன் கண்ணாடிக்கல் எப்படி இருக்கு?” என்பான், அவ்வளவுதான், அவள் பேசத் தொடங்கிவிடுவாள், நேரம் போவதே தெரியாமல், எது வளர்ந்தது, எது உடைந்தது, எது கிருமியைக் கொன்றது...

இன்று ஞாயிறு இல்லை. இருந்தாலும் ஞாயிறு வரை இதை நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றிவிட்டது, காபியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்கு வந்து கூப்பிட்டாள். “அது மருந்தாகாதுடா அடெமார். இதோட நிறுத்திட்டாங்க.” மறுமுனையில் காற்றடிக்கும் இயந்திரம் கடகடத்தது, யாரிடமோ “இருப்பா” என்றான். பிறகு, “சரிக்கா.”

“சரியா? என்னடா சரி?”

“டாக்டர் எப்பவோ சொல்லிட்டாருக்கா. பூச்சி தந்த கிருமி அது பண்ண வேண்டியதைப் பண்ணி முடிச்சுருச்சாம். இனி அதைக் கொன்னாலும் வீங்கினது வீங்கினதுதானாம்.”

“எப்ப சொன்னாரு?”

“நீ அந்த லேப்ல சேர்றதுக்கு முன்னாடியே.”

“அப்புறம் ஏண்டா வாராவாரம் அதையே கேட்டே?”

“கேக்காட்டி நீ வேற எதைக்கா எங்கிட்ட பேசுவே?”

கோபம்தான் முதலில் வந்தது, ஏமாற்றிவிட்டான், இத்தனை வருஷம்... ஆனால் யார் யாரை? முற்றிய நோயில் ஒட்டுண்ணியைக் கொல்வதால் இதயம் திரும்பாது, இது அவளுக்குத் தெரியாதா, இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் அவளே எழுதிய வாக்கியம் ஆயிற்றே, மேற்கோள் எண் போட்டு, காற்புள்ளி கூடத் திருத்தி... எழுதும்போது தம்பி முகம் வரவேயில்லையா, இல்லை, வந்ததால்தான் அவ்வளவு கச்சிதமாக எழுதினாளா? அப்படியானால் யாருக்காக வளர்த்தாள் இத்தனை கற்களை... “அக்கா, இருக்கியா?” என்றான். இருக்கிறேன் என்றாள். ஏதாவது கேட்கவேண்டும், நோயைப் பற்றி இல்லாமல், மருந்தைப் பற்றி இல்லாமல், சாதாரணமாக, அவன் பாட்டுக் கேட்பானா, சாயங்காலம் யாரோடு போய் உட்கார்கிறான், அந்தக் கடையில் ஒரு பெண்ணைப் பற்றி எப்போதோ சொன்னானோ, அவள் பெயர் என்ன, அல்லது அதைச் சொன்னது வேறு யாராவதா... காற்றடிக்கும் இயந்திரம் நின்றிருந்தது, அவன் காத்துக்கொண்டிருந்தான், கேட்பதற்குக்கூட அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.