வேல் காயின்

மகள் சங்கவி காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, காவடி எடுக்கிறேன் என்று மட்டும் ரவிசங்கர் முருகனிடம் வேண்டியிருக்கலாம். பதற்றத்தில் 'முதல் காவடி' என்று வாயை விட்டுவிட்டார். பிள்ளை தேறிப் பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். சொன்னதைச் செய்யாவிட்டால் மறுபடி படுத்துவிடுவாளோ என்று அவருக்குள் ஒரே நடுக்கம்.

அந்தமானின் பாம்பூஃப்ளாட் முருகன் கோயிலில் முதல் காவடிக்கு வருஷா வருஷம் அடிபிடி. அதற்கு முடிவு கட்டியவரும் ரவிசங்கர்தான். போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் சும்மா இருப்பாரா? 'வேல் காயின்' என்று ஒன்றைச் செய்தார். மொத்தமே நூற்றெட்டு. அதற்கு மேல் ஒன்றைக்கூட யாராலும் உண்டாக்க முடியாது. கோயிலைப் பெருக்கினால், பாத்திரம் துலக்கினால் போனில் அவரவர் முகவரிக்குக் காயின் வந்து விழும். பங்குனி உத்திரத்துக்கு முந்தின மாலை அவற்றைக் கோயிலின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அதிகம் அனுப்பியவருக்கு முதல் காவடி. தில்லுமுல்லு செய்பவரைத் தடைப்பட்டியலில் சேர்க்கவும் வழி வைத்தார், அது தன் கையில் மட்டும். அதில் விழுந்த முகவரிக்குக் காயின் வராது, அதிலிருந்து போகாது, அதை வைத்து எதையும் மாற்றவும் முடியாது.

"நானே விழுந்தாலும் கேல் கதம், ஆட்டம் முடிஞ்சதுதாம்மா," என்று கோயில் தலைவி கமலாட்சியிடம் பீற்றிக்கொண்டார். "கோடு சொன்னா சொன்னதுதான். ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது."

"அவர் சன்னதியில நின்னுகிட்டே ஏம்பா இப்படிப் பேசற?" என்றாள் அந்தம்மா.

எல்லாக் காயினும் தீர்ந்தபோது ரவிசங்கரை முந்தி நின்றான் மெக்கானிக் நந்தகுமார். ராத்திரி பகல் பாராமல் அண்டா துலக்கியவன். மனுஷன் என்ன செய்வார்? உத்திரத்துக்கு முந்தின நாள் காலை, சாத்தம் துறைக்குப் போகும் ஃபெர்ரியில் பைக்கோடு நின்றபடி, நந்தகுமாரின் முகவரியைக் காப்பி செய்யவும் தடைப்பட்டியலில் ஒட்டவும் அழுத்தினார். அந்த நேரம் பார்த்து நடுக் கடலில் நெட் போய்த் திரை உறைந்தது. அதற்குள் ஜெட்டி வந்துவிட, பின்னாலிருந்த பைக்குகள் ஹாரன் அடித்து உயிரை வாங்கின. பக்கம் உயிர்பெற்றதும், என்ன ஒட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஓகே அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மாலையில், ரவிசங்கரும் கமலாட்சியும் இருந்த கோயிலுக்குள் நந்தகுமார் ஓடிவந்தான்.

"அரே ரவியண்ணா! பாப்பாவுக்காக நேர்ந்துக்கிட்டீங்களாமே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கெதுக்கு முதல் காவடி? இந்தாங்க, என் காயின் பூரா உங்களுக்குத்தான்."

அனுப்பினான். போகவில்லை. மறுபடி அனுப்பினான்.

"உங்க முகவரிக்குத் தடையாம்ணா."

ரவிசங்கர் தன் போனை அவசரமாக எடுத்துத் தடைப்பட்டியலைப் பார்த்தார். அதிலிருந்த நீள எழுத்துகள் அவருடைய முகவரிதான். காலையில் கமலாட்சிக்கு அனுப்பக் காப்பி செய்து வைத்திருந்தது. உறைந்த திரையில் நந்தகுமாரின் முகவரி காப்பியே ஆகவில்லை. தடையை நீக்கும் பொத்தானை அழுத்தினார். உமக்கு உரிமை இல்லை என்றது அவர் எழுதிய கோடு.

"எந்தப் பாவிண்ணா உங்களைப் போட்டது?" நந்தகுமார் கொதித்தான்.

"இவன் ஒருத்தனாலதான் போட முடியும்," என்றாள் கமலாட்சி.

நந்தகுமார் சிரிக்கப் போனான். பிறகு ரவிசங்கரின் முகத்தைப் பார்த்தான்.

"யாரைப் போடப் போனீங்கண்ணா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். வெட்கத்தில் அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது. நந்தகுமார் தன் காயின்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பாப்பா பேர்ல நானே எடுக்கறேன். சோடோ, விடுங்க."

மறுநாள் சங்கவியின் பெயரைச் சொல்லி, முன்னால் அவன் காவடி ஆடியது. பின்னால் ரவிசங்கர் மகளின் கையைப் பிடித்து நடந்தார்.

"அப்பா, எனக்காக நீதானே எடுக்கறேன்னு சொன்ன? ஏன் மாமா எடுக்கறார்?" என்றாள் சங்கவி.